பிலா மரத்தடியில் மதில் ஓரம் என்ன நடலாம்?

கேள்வி: தக்கலைப் பக்கம் எங்கள் விளையில் ஒரு பழைய பிலா (பலா மரம்) நிற்கிறது. அதன் கீழே மதிலை ஒட்டி முப்பது அடி நீளம், மூன்றடி அகலத்தில் பாத்தி எடுத்தேன். தெச்சி (இட்லிப்பூ) நட்டேன், நெடுநெடுவென்று வளர்ந்ததே தவிர பூக்கவில்லை. பெரணி வைத்தேன்; மாசியில் கருகிவிட்டது. தினமும் தண்ணீர் விடுகிறேன். அங்கே வேறு என்ன வைக்கலாம் ஐயா?

பதில்: தெச்சிக்கு வெயில் வேண்டும், பெரணிக்கு ஈரம் வேண்டும். உங்கள் பாத்தியில் இரண்டும் கிடையாது.

இரண்டு பருவமழையும் கிடைக்கிற ஊரில் எங்கிருந்து வறட்சி வந்தது என்று தோன்றும். அடுத்த மழை ஓய்ந்ததும் மரத்தடியில் ஒரு சுள்ளியால் கிளறிப் பாருங்கள். மேலே இரண்டு விரல் ஈரம், கீழே பொடி மண். இலைகள் குடை பிடிக்கின்றன. தப்பி விழுவதையும் வேர் முந்திக்கொண்டு குடிக்கிறது. நீங்கள் ஓஸில் தெளிப்பதும் பெரும்பாலும் பிலாவுக்குத்தான்.

ஆகவே தனக்கென்று தண்ணீர் சேர்த்து வைக்கிற செடிகளாகப் பாருங்கள். என் முதல் தேர்வு கச்சோலம். தரையோடு அப்பியதுபோல் இலை விரிக்கும், கசக்கினால் மணக்கும், வெள்ளைப் பூவில் ஊதாப் பொட்டு. கோடையில் இலை காய்ந்து மறைந்துவிடும், செத்துப்போனதென்று தோண்டிவிடாதீர்கள். கிழங்கு மண்ணுக்குள் தூங்கும், மழை வந்ததும் முளைக்கும். கூவைக்கிழங்கும் இதே வகைதான். நட்ட பத்தாம் மாதம் வாக்கில் தோண்டினால் பிள்ளைகளுக்குக் கூவைப் பொடியும் ஆச்சு.

இவை தூங்குகிற மாதங்களில் பாத்தி வெறிச்சோடாமல் இருக்க, மதிலை ஒட்டி மருள் (ஸ்னேக் பிளான்ட்) வையுங்கள். முன் வரிசைக்கு வெள்ளைக் கோடு போட்ட ஸ்பைடர் பிளான்ட். அதன் வேர் சதைப்பற்றானது, தாங்கும். கொஞ்சம் வெயில் எட்டுகிற இரு முனைகளிலும் ஆடாதோடைக் கம்பு ஊன்றலாம். ஆடு கடிக்காது.

நடுவதற்குத் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் மாதம் சரியான சமயம். பாத்தி முழுவதையும் கொத்தாதீர்கள். வேருக்கு வேர் இடைவெளி பார்த்து ஒரு சாண் குழி, ஒரு கை மட்கிய சாணம், அவ்வளவுதான். வேரை மூடுகிறேன் என்று மரத்தைச் சுற்றிச் செம்மண் குவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேர் மூச்சுமுட்டும், அடிமரம் அழுகும். விழுகிற பிலா இலையைப் பெருக்கி எரிக்காமல் பாத்தியிலேயே நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை, தினத் தெளிப்புக்குப் பதிலாக, ஆழமாக நனையும்படி விடுங்கள்.

அப்புறம், அந்தப் பிலாவை ஏன் சும்மா விட வேண்டும்? வடக்குப் பக்கம், மரத்திலிருந்து ஓர் அடி தள்ளி நல்லமிளகு ஏற்றுங்கள். மிளகு ரகங்களில் கரிமுண்டா நிழல் தாங்கும். பன்னியூர் 1 திறந்த வெளிச்சம் கேட்கும், உங்களுக்கு வேண்டாம். கொடி பிடிக்கும்வரை கோடைத் தண்ணீர் அவசியம்.

பூ விஷயத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: தோவாளைப் பூச்சந்தையை மனதில் வைத்துக்கொண்டு பிலா அடியில் நடக்கூடாது. சக்கை (பலாப்பழம்) ஓய்ந்ததும் தாழ்ந்த சிறு கிளைகளைக் கழித்தால் கொஞ்சம் வெளிச்சம் இறங்கும், அதோடு சரி. தெச்சியைப் பிடுங்கி எறிய வேண்டாம். மழை பிடித்ததும் பாதி உயரத்துக்கு வெட்டி, வேர்மண்ணோடு எடுத்து வாசல் பக்க வெயிலில் நட்டுவிடுங்கள்.