காட்டுக்குள் ஓடிய மர ரயில்

கேள்வி: பரம்பிக்குளம் காட்டில் மரம் ஏற்றிச் செல்வதற்கென்றே ஒரு ரயில் ஓடியதாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். தேக்கையும் ஈட்டியையும் காட்டிலிருந்து சாலக்குடி ரயில் நிலையத்துக்குக் கொண்டுவருவதற்காக, கொச்சி சமஸ்தானம் சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு மீட்டர் கேஜ் டிராம்வே ஒன்றை அமைத்து, 1907-இல் ஓடவிட்டது. வியப்பெல்லாம் அதன் மலைச்சரிவுகளில்தான். அங்கே நீராவி என்ஜின் இழுக்கவில்லை. எஃகுக் கயிற்றின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி தன் எடையாலேயே கீழே இறங்க, மறுமுனையில் கட்டிய காலி வண்டி மேலேறும். வேகம் மிஞ்சாமல் பிரேக் பிடித்து நின்ற தொழிலாளிகளின் துணிச்சலை நினைத்தால் மெய் சிலிர்க்கிறது. லாரிகள் வந்த பின் நஷ்டம் பெருகியதால், 1963-இல் மூடிவிட்டார்கள். அந்தப் பாதை எத்தனையோ பெருமரங்களைக் காட்டிலிருந்து இறக்கிவிட்டதே என்ற வருத்தமும் எனக்கு உண்டு.