இன்டர்நேஷனல் பிசினஸ் முதுகலை: சேருவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி: இளங்கலையில் வணிகவியல் முடித்திருக்கிறேன், வேலை அனுபவம் இல்லை. இன்டர்நேஷனல் பிசினஸில் முதுகலை சேரலாமா என்று யோசிக்கிறேன். என்ன சொல்லித்தருவார்கள்? கணக்கு அதிகம் வருமா? எம்பிஏவிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது? முடித்தால் வேலை கிடைக்குமா?

எம்பிஏ விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பல நாடுகளில் எம்பிஏ என்பது சில வருடம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கான படிப்பு. நீங்கள் கேட்கும் முதுகலையில் இளங்கலை முடித்த கையோடு வருகிறவர்கள்தான் அதிகம், அதனால் அனுபவம் இல்லை என்று தயங்க வேண்டாம்.

என்ன சொல்லித்தருவார்கள் என்பதில்தான் பலருக்கும் தவறான கணிப்பு இருக்கிறது. பெயரைப் பார்த்துவிட்டு ஏற்றுமதி இறக்குமதி செய்யக் கற்றுத்தருவார்கள் என்று நம்பி வருகிறார்கள். படிப்பின் மையம் வேறு. ஒரு நிறுவனம் ஏன் எல்லை தாண்டுகிறது, எந்த வழியில் தாண்டுகிறது (ஏற்றுமதியா, உரிமம் கொடுப்பதா, உள்ளூர்க் கூட்டாளியோடு சேர்வதா, சொந்தக் கிளை திறப்பதா), போன இடத்தில் எதனால் ஜெயிக்கிறது அல்லது தோற்கிறது, இவைதான் பாடம். 1997இல் ஜெர்மனிக்குள் போன அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனம் வால்மார்ட் 2006இல் கடைகளை மெட்ரோ என்ற ஜெர்மானியக் குழுமத்திடம் விற்றுவிட்டு வெளியேறியதைப் பல வகுப்புகளில் அலசுவார்கள். குறைந்த விலைதான் வால்மார்ட்டின் பலம், ஆனால் அங்கே ஆல்டி, லிடல் என்ற ஜெர்மானிய மலிவு விலைக் கடைகள் ஏற்கெனவே அதையே செய்துகொண்டிருந்தன, தொழிலாளர் சட்டமும் வாடிக்கையாளர் பழக்கமும் வேறு. இந்த மாதிரி விஷயத்தைப் பிரித்துப் பார்க்க மேலாண்மைப் பேராசிரியர் பங்கஜ் கெமாவத் 2001இல் எழுதிய 'தூரம்' பற்றிய சட்டகம் உதவும். பண்பாடு, நிர்வாகம், நிலவியல், பொருளாதாரம் என்று நான்கு வகைத் தூரங்களை அது அளக்கச் சொல்கிறது. எனக்குப் பிடித்த பாடம் இதுதான், ஏனென்றால் படித்து முடித்து எந்த வேலைக்குப் போனாலும் கையில் எடுத்துப் பயன்படுத்தலாம்.

நாடுகளின் பண்பாட்டை எண்களால் ஒப்பிட்ட ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெடின் பண்பாட்டு மதிப்பெண்களும் கட்டாயம் வரும். அவற்றைக் கொஞ்சம் எச்சரிக்கையாகக் கையாளுங்கள். அடிப்படையில் அது ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு, ஒரு நாட்டின் சராசரியைத்தான் சொல்லும். உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றி அதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது.

சரி, கணக்கு. பயப்படும் அளவுக்கு இருக்காது. ஒரு லட்சம் யூரோவுக்குச் சரக்கு விற்றிருக்கிறீர்கள், பணம் 90 நாள் கழித்து வரும் என்று வையுங்கள். இன்று ஒரு யூரோ 1.10 டாலர், அன்றைக்கு 1.05 ஆகிவிட்டால் டாலர் கணக்கில் 5,000 போச்சு. இந்த நஷ்டத்தைத் தவிர்க்க முன்கூட்டியே விகிதத்தைப் பேசி வைத்துக்கொள்ளும் ஃபார்வர்டு ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது என்பது போன்றவைதான் பெரும்பாலும் நிதிப் பாடத்தில் வரும். புள்ளியியல் மட்டும் கொஞ்சம் உழைப்பு கேட்கும். ஆய்வேட்டுக்கு ரிக்ரஷன் (ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணிக்கும் முறை) தேவைப்படலாம், அதை மட்டும் சேருவதற்கு முன்பே தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

மாணவர்கள் பலர் குறைத்து மதிப்பிடுவது நேரத்தைத்தான். ஐரோப்பிய முறையில் வருடத்துக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு, அப்படியென்றால் வருடத்துக்கு 1,500 முதல் 1,800 மணி நேரம். கால அட்டவணையில் வகுப்பு குறைவாகத் தெரியும், மீதி நேரம் முழுக்க வாசிப்பிலும் குழு வேலையிலும் போய்விடும். குழு வேலை என்றால் ஐந்து பேர் ஐந்து நாட்டிலிருந்து வந்திருப்பார்கள், ஒருவர் முகத்துக்கு நேரே 'இது சரியில்லை' என்பார், இன்னொருவர் உடன்பாடு இல்லாவிட்டாலும் வாயே திறக்க மாட்டார். முதல் சந்திப்பிலேயே யார் எதை என்றைக்குள் முடிப்பது, தாமதமானால் என்ன செய்வது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை குறையும்.

நடைமுறை வர்த்தகத்தைப் பல படிப்புகள் ஓரிரு வகுப்பில் தாண்டிப் போய்விடும். எனக்கு இதில் வருத்தம் உண்டு. சரக்கு அனுப்புவதில் எந்தச் செலவும் அபாயமும் விற்பவருடையது, எது வாங்குபவருடையது என்று சொல்லும் சர்வதேச விதித் தொகுப்பான இன்கோடெர்ம்ஸ் 2020இல் 11 விதிகள்தான், நீங்களே உட்கார்ந்து படித்துவிடலாம். அதில் ஒன்றான சிஐஎஃப் (விலையில் காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்ந்தது) என்றால் சரக்கு போய்ச் சேரும் வரை அபாயம் விற்பவருடையது என்று வேலையில் இருப்பவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றியதுமே அபாயம் வாங்குபவருக்கு மாறிவிடுகிறது, கப்பல் கட்டணமும் காப்பீடும்தான் விற்பவர் தலையில். அதேபோல் லெட்டர் ஆஃப் கிரெடிட்டில் (விற்பவருக்குப் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதி) வங்கி பார்ப்பது ஆவணங்களை மட்டும், சரக்கை இல்லை. இந்த இரண்டும் தெளிவாக இருந்தால் நேர்காணலில் தனியாகத் தெரிவீர்கள்.

இப்போது வேலை. 'இன்டர்நேஷனல் பிசினஸ்' என்ற பெயரில் வேலை விளம்பரம் அதிகம் வராது. விநியோகச் சங்கிலி, நிதி, விற்பனை, சந்தைப்படுத்தல், ஆலோசனை என்று ஏதாவது ஒரு துறைக்குத்தான் ஆள் எடுப்பார்கள். இந்தப் படிப்பு அகலம் தரும், ஆழத்தை நீங்கள்தான் தேட வேண்டும். அதனால் ஒரு துறையை முதல் சில மாதங்களிலேயே முடிவு செய்து, விருப்பப் பாடம், இன்டர்ன்ஷிப், ஆய்வேடு மூன்றையும் அதே பக்கம் திருப்புங்கள். ஒரு வருடப் படிப்பென்றால் இன்னும் அவசரம், பெரிய நிறுவனங்கள் பல அடுத்த ஆண்டுக்கான ஆட்களை முதல் பருவத்திலேயே தேட ஆரம்பித்துவிடும். வெளிநாட்டில் படிப்பதாக இருந்தால் அந்த ஊர் மொழி தெரியாமல் பல வேலைகளுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. படித்த பிறகு தங்கி வேலை பார்க்கும் விதிகளை ஏஜென்ட் வாயால் கேட்காமல் அந்த நாட்டு அரசுத் தளத்தில் நேரடியாகப் பாருங்கள்.

வணிகக் கல்லூரிகளுக்குத் தரப்படும் ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ் போன்ற சர்வதேச அங்கீகாரங்கள் கல்லூரியின் தரத்துக்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். அப்புறம், பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அதே படிப்பை இரண்டு வருடம் முன்பு, உங்களைப் போலவே அனுபவம் இல்லாமல் சேர்ந்து முடித்த மூன்று பேரை லிங்க்ட்இனில் தேடிப் பிடித்து, இப்போது என்ன வேலை, அது கிடைக்க எத்தனை மாதம் ஆனது, எந்தப் பாடம் உதவியது என்று கேளுங்கள்.