நம்ம ஆளா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

என் தாய்மாமா முப்பது வருடமாக நியூஜெர்சியில் இருக்கிறார். அமெரிக்கக் குடிமகன். 2024 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளராவதற்காக விவேக் ராமசாமி களத்தில் இறங்கியபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பையன் என்ற பெருமை. மாமா மட்டும், "சும்மா இருங்கடா, இந்துவை இந்த ஊரில் ஒருநாளும் அதிபராக்க மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்ன மாதிரியே, 2023 டிசம்பரில் அயோவாவில் சிஎன்என் நடத்திய கூட்டத்தில் ஒரு வாக்காளர் எழுந்து, இந்த நாட்டை நிறுவியவர்களின் மதம் உங்கள் மதம் இல்லை, அதனால் நீங்கள் அதிபராக முடியாது என்று பலர் சொல்கிறார்களே என்று அவரிடமே கேட்டார். விவேக் பைபிளிலிருந்து எடுத்துக் காட்டிப் பதில் சொன்னார். எனக்கு அது வருத்தமாக இருந்தது.

அமெரிக்கா மதச்சார்பற்ற நாடு என்று படித்திருக்கிறோம். அப்புறம் எப்படி வேட்பாளரின் மதம் குறுக்கே வருகிறது? மதப்பற்றுதான் அவ்வளவு முக்கியம் என்றால், மூன்று முறை திருமணம் செய்துகொண்ட டிரம்புக்கு அந்தப் பக்தர்கள் எப்படி ஓட்டுப் போட்டார்கள்? எல்லாம் வேஷம்தானா?

அன்புடன்,
ம., கோவை

*

அன்புள்ள ம.,

வேஷம் என்று நான் நினைக்கவில்லை. அயோவா வாக்காளரின் கேள்வியிலும் பொய் இல்லை, டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர்களின் பக்தியிலும் பொய் இல்லை. அவர்கள் வேட்பாளரிடம் என்ன கேட்கிறார்கள் என்பதைத்தான் நாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம். "நீ எதை நம்புகிறாய்?" என்று கேட்பது போல நம் காதில் விழுகிறது. அவர்கள் கேட்பது "நீ நம்ம ஆளா?" என்று. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில் இதற்குள் இருக்கிறது.

முதலில் சட்டம். 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாவது பிரிவு, எந்த அரசுப் பதவிக்கும் மதத் தகுதி கேட்கக்கூடாது என்று சொல்கிறது. அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல். ஆனால் அது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும். ஓட்டுச் சாவடிக்குள் நிற்பவரின் மனத்தை எந்தப் பிரிவும் கட்டுப்படுத்தாது. மாநிலங்களே கூட உடனே அதைப் பின்பற்றவில்லை. மேரிலாந்தில் நோட்டரி வேலைக்குக் கடவுள் நம்பிக்கையை அறிவிக்க வேண்டும் என்று இருந்ததை உச்சநீதிமன்றம் தள்ளியது 1961-இல்தான். டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களின் அரசியலமைப்பில் அப்படிப்பட்ட வாசகங்கள் செல்லாக்காசாக இன்றும் கிடக்கின்றன.

ஆக, சோதனையை நடத்துவது வாக்காளர்கள். 1800-இல் தாமஸ் ஜெபர்சன் நின்றபோது எதிர்த்தரப்புப் பத்திரிகை ஒன்று, மக்கள் முன்னால் இருப்பது இரண்டே வழி என்று எழுதியது: கடவுளும் மதப்பற்றுள்ள அதிபரும், இல்லையென்றால் ஜெபர்சனும் கடவுள் இல்லாமையும். நாட்டை நிறுவியவர்களின் மதம் என்று அயோவாவில் பேசப்பட்டதே, அந்த நிறுவியவர்களில் முதல் வரிசைக்காரர் மீதே இப்படி ஒரு குற்றச்சாட்டு. ஆனாலும் ஜெபர்சன் ஜெயித்தார்.

லிங்கன் கதை இதைவிட என்னை யோசிக்க வைத்தது. 1846-இல் அவர் பிரதிநிதிகள் சபைக்கு நின்றபோது எதிர் வேட்பாளர் பீட்டர் கார்ட்ரைட் ஒரு மெதடிஸ்ட் போதகர். லிங்கன் கிறிஸ்தவத்தை ஏளனம் செய்பவர் என்று பேச்சு கிளம்பியது. லிங்கன் ஒரு துண்டறிக்கை அச்சடித்துப் பதில் சொன்னார். நான் எந்தச் சபையிலும் உறுப்பினன் இல்லை என்பது உண்மை, ஆனால் வேதத்தின் உண்மையை நான் மறுத்ததில்லை என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மதத்தை வெளிப்படையாக எதிர்த்து ஏளனம் செய்கிற ஒருவரைப் பதவிக்கு நானே ஆதரிக்க மாட்டேன் என்றும் சேர்த்தார். தன் மேல் நடத்தப்பட்ட சோதனையை அவரே நியாயப்படுத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவ்வளவு பெரிய மனிதருக்கே அந்த நெருக்கடியில் "இது கேட்கக்கூடாத கேள்வி" என்று சொல்ல வரவில்லை.

அப்படி ஓரளவாவது சொல்லத் துணிந்தவர்கள் கத்தோலிக்கர்கள், ஏனென்றால் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக இருந்த நாட்டில் அவர்களுக்கு வேறு வழி இல்லை. நியூயார்க்கில் நான்கு முறை கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அல் ஸ்மித் 1928-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர். அதற்கு முந்தைய வருடமே ஒரு வழக்கறிஞர் 'அட்லாண்டிக்' மாத இதழில் அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, போப்புக்கும் அரசியலமைப்புக்கும் முரண் வந்தால் நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டார். ஸ்மித் அடுத்த மாத இதழிலேயே பொறுமையாகப் பதில் எழுதினார். பதிலைப் படித்தவர்கள் எத்தனை பேர், நம்பியவர்கள் எத்தனை பேர்! பிரச்சாரத்துக்காக அவர் ஓக்லஹோமாவுக்கு ரயிலில் போனபோது வழியில் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் சிலுவைகளைக் கொளுத்தி வைத்திருந்தார்கள். அவருக்குக் கிடைத்தது எட்டே மாநிலங்கள். சொந்த நியூயார்க்கும் கைவிட்டது. ஜனநாயகக் கட்சியின் கோட்டைகளான டெக்சாஸ், வர்ஜீனியா, புளோரிடா எல்லாம் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஹூவர் பக்கம் போயின. அவர் மதுவிலக்கை எதிர்த்தார், நாடும் அப்போது செழிப்பாக இருந்தது. அந்தக் காரணங்களும் உண்டு. ஆனால் அந்தத் தெற்கு மாநிலங்கள் கட்சி மாறியதற்கு மதத்தை விட்டுவிட்டுக் காரணம் சொல்ல முடியாது.

32 வருடம் கழித்து ஜான் கென்னடி. கத்தோலிக்கர்கள் மிகக் குறைவாக இருந்த மேற்கு வர்ஜீனியாவில், கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் 1960 மே மாத முதனிலைத் தேர்தலில், அவர் ஊர் ஊராகப் போய்ச் சொன்னது இது: நான் கடற்படையில் சேர்ந்தபோது கத்தோலிக்கனா என்று யாரும் கேட்கவில்லை, என் அண்ணன் கடைசியாகக் குண்டுவீச்சு விமானத்தில் ஏறும்போதும் அவனிடம் யாரும் கேட்கவில்லை. சுரங்கத் தொழிலாளர்களும் போர் வீரர்களும் நிறைந்த மாநிலம் அது. அவர்களுக்குக் கத்தோலிக்க இறையியலைக் கென்னடி விளக்கவில்லை. போரில் மகனைப் பறிகொடுத்த வீடு எங்களுடையதும் என்று சொன்னார். நம்ம ஆள் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அங்கே அவர் ஜெயித்தார்.

செப்டம்பர் 12-ஆம் தேதி ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் கூட்டத்தில் பேசியதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நான் கத்தோலிக்கர்களின் வேட்பாளன் இல்லை, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளன், கத்தோலிக்கனாகவும் இருக்கிறேன் என்ற வரி புகழ்பெற்றது. எனக்கு அதே பேச்சில் இன்னொரு இடம் பிடிக்கும். ஞானஸ்நானம் பெற்ற அன்றே 4 கோடி அமெரிக்கர்கள் அதிபராகும் வாய்ப்பை இழந்துவிட்டார்கள் என்று இந்தத் தேர்தல் முடிவாகுமானால், தோற்பது நாடு முழுவதும்தான் என்றார். கைக்குழந்தையின் தலையில் தண்ணீர் தெளிக்கும் நேரத்திலேயே ஒரு கதவு சாத்தப்படுகிறது என்று அதைக் கண்முன் கொண்டுவந்தார். நவம்பரில் அவர் வென்றது ஒன்றேகால் லட்சத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில். 1956-இல் பாதிக்குப் பாதியாகப் பிரிந்திருந்த கத்தோலிக்க வாக்குகளில், காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் கணக்குப்படி 78 சதவீதம் அவருக்கு வந்தது. புராட்டஸ்டன்டுகளில் பெரும்பான்மை குடியரசுக் கட்சி வேட்பாளர் நிக்சன் பக்கம். ஆக, இரண்டு தரப்பும் "நம்ம ஆளா" என்று பார்த்துத்தான் ஓட்டுப் போட்டிருக்கிறது.

இப்போது உங்கள் டிரம்ப் கேள்வி. அது 2016-இல் தொடங்கியது இல்லை. 1976-இல் வென்ற ஜிம்மி கார்ட்டர் அசல் பாப்டிஸ்ட். ஞாயிறு வேதபாட வகுப்பு எடுப்பவர், இயேசுவை ஏற்று மறுபடி பிறந்தவன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். நம்பிக்கைதான் அளவுகோல் என்றால் பைபிளையும் மனமாற்ற அனுபவத்தையும் முன்னிறுத்தும் எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் அவரை விட்டிருக்கவே கூடாது. 1980-இல் அவர்களில் பெரும்பாலோர் விவாகரத்தாகி மறுமணம் செய்த, சர்ச்சுக்கு அதிகம் போகாத ரீகன் பக்கம் போனார்கள். நடுவில் என்ன நடந்தது? கருக்கலைப்பு, பள்ளிகளில் பிரார்த்தனை, கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்காத தனியார் கிறிஸ்தவப் பள்ளிகளின் வரிச்சலுகையில் அரசு கை வைத்தது என்று ஒரு கோபம் சேர்ந்து வந்தது. 1979-இல் பாப்டிஸ்ட் போதகர் ஜெர்ரி பால்வெல், கிறிஸ்தவர்களை அரசியலுக்குத் திரட்டும் 'மாரல் மெஜாரிட்டி' அமைப்பைத் தொடங்கினார். அடுத்த வருடம் டல்லஸில் கூடிய போதகர்களிடம் ரீகன், நீங்கள் என்னை ஆதரிக்க முடியாது என்று தெரியும், ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன் என்றார். அவர் என்ன ஜெபிக்கிறார் என்று அதன் பிறகு அவர்கள் கேட்கவில்லை.

2012-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற மிட் ராம்னி விஷயத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். அவர் மார்மன், அதாவது பல கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவமாகவே ஏற்காத ஒரு சபையைச் சேர்ந்தவர். அவர் அப்பா ஜார்ஜ் ராம்னி 1968 தேர்தலுக்கு முயன்ற காலத்தில், 1967-இல், மார்மனுக்கு ஓட்டுப் போட மாட்டேன் என்று காலப்பிடம் சொன்னவர்கள் 17 சதவீதம். மகன் நின்ற 2012-இல் அது 18 சதவீதம். 45 வருடத்தில் கத்தோலிக்கர், யூதர் மீதான தயக்கமெல்லாம் கரைந்துபோயிருந்தது. இது மட்டும் அசையவில்லை. 2007 டிசம்பரில் ராம்னி டெக்சாஸில் தன் நம்பிக்கை பற்றி ஒரு பேச்சே நிகழ்த்தினார். அடுத்த மாதம் அயோவாவில் நடந்த உட்கட்சிப் போட்டியில் பாப்டிஸ்ட் போதகரான மைக் ஹக்கபியிடம் தோற்றார். 2011-இல் கூட டல்லஸின் பெரிய போதகர் ஒருவர் மார்மன் மதத்தைக் கள்ளச் சபை என்று மேடையருகே நின்று சொன்னார். சரி, 2012 நவம்பரில் ஒபாமாவுக்கு எதிராக ராம்னி நின்றபோது? வெள்ளை எவாஞ்சலிக்கல் வாக்காளர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் அவருக்குத்தான் போட்டார்கள். மார்மன் கொள்கை மாறவில்லை. எதிரே நிற்பவர் மாறியதும் ராம்னி நம்ம ஆள் ஆகிவிட்டார்.

டிரம்ப் 2016-இல் லிபர்ட்டி என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் பைபிளின் 'இரண்டாம் கொரிந்தியர்' நூலை அப்படி வாசிக்கத் தெரியாமல் 'இரண்டு கொரிந்தியர்' என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஓட்டு போனது அவருக்கே. சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறிய தலைவர் பதவியில் சரியாக நடந்துகொள்ள முடியுமா என்று பிஆர்ஆர்ஐ என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 2011-இல் கேட்டபோது, வெள்ளை எவாஞ்சலிக்கல்களில் 30 சதவீதம் முடியும் என்றார்கள். 2016-இல் 72 சதவீதம். ஐந்தே வருடம். அந்தக் கணக்கு என்னை மிகவும் சங்கடப்படுத்துகிறது. ஒரு சமூகம் தன் வேதத்திலிருந்து எடுத்த அளவுகோலைத் தன் ஆளுக்காக வளைத்துக்கொண்டது என்றுதான் என்னால் அதைப் படிக்க முடிகிறது. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பயந்துபோன மனிதர்கள் அரண் தேடுவார்கள். அரணுக்கு நல்லொழுக்கச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள்.

அவர்கள் சொன்ன நியாயமும் பைபிளிலேயே இருக்கிறது. ஏசாயா 45-ஆம் அதிகாரத்தில் கோரேஸ் என்று வருவாரே, பாரசீக ராஜா. யூதர் அல்லாதவர், ஆனாலும் அவரைத்தான் கடவுள் தன் காரியத்துக்காக அபிஷேகம் செய்தார். டிரம்ப் எங்கள் கோரேஸ் என்றார்கள். உங்களுக்கு வருத்தம் தந்த அயோவா பதிலில் விவேக் எடுத்துக் காட்டியதும் இதே கோரேஸைத்தான். புறமதத்தார் ஒருவர் மூலமாகவும் கடவுள் காரியம் நடத்துவார் என்பது அவர் வாதம். அது அவர்களுடைய பாஷையில் "நான் உங்க ஆள்" என்று சொல்வது. அதில் எனக்கும் ஒரு வலி உண்டு. ஆனால் அன்று அவர் வேறொன்றும் சொன்னார். அரசியலுக்காகப் பொய்யாக மதம் மாற மாட்டேன் என்றார். கிறிஸ்தவத்தைப் பரப்ப நான் சிறந்த அதிபராக இருக்க மாட்டேன், ஆனால் அது அதிபரின் வேலையே இல்லை என்றார். இந்த இரண்டாவது பதிலுக்காக அவரை நான் மதிக்கிறேன். அவருடைய அரசியல் எனக்கு ஒத்துவராது, அது வேறு.

உங்கள் மாமா சொன்ன "ஒருநாளும்" என்பதை நான் ஏற்கவில்லை. குடியரசுக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 2024 ஜனவரி 15-இல் அயோவாவில் நடத்திய உட்கட்சி வாக்கெடுப்பின் முடிவைப் பாருங்கள். விவேக்குக்கு 7.7 சதவீதம். ஆனால் மெதடிஸ்ட் கிறிஸ்தவரான நிக்கி ஹேலிக்கு 19, அயோவாவின் முக்கிய எவாஞ்சலிக்கல் தலைவர் ஒருவரே ஆதரித்த கத்தோலிக்கர் டிசாண்டிஸுக்கு 21. டிரம்புக்கு 51. அன்று மதம் சரியாக இருந்தவர்களும்தான் தோற்றார்கள். இந்து என்பதற்காக விவேக் சில ஓட்டுகளை இழந்திருப்பார், சந்தேகமில்லை. அவர் தோற்றதற்கு அது மட்டும் காரணம் இல்லை.

கதவு இன்னும் இறுகச் சாத்தியிருப்பது வேறு இரண்டு பேருக்கு. கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு ஓட்டுப் போடுவேன் என்று காலப்பிடம் சொன்னவர்கள் 1958-இல் 18 சதவீதம், 2019-இல் 60. முஸ்லிமுக்கு அதே 2019-இல் 66. கத்தோலிக்கருக்கு 95. எந்த மதமும் இல்லை என்று சொல்பவர்கள் இன்று அங்கே நான்கில் ஒருவருக்கும் மேல். இருந்தும் பெரிய கட்சிகளின் அதிபர் வேட்பாளர் யாரும் இதுவரை 'எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை' என்று சொன்னதில்லை.

முஸ்லிம் விஷயத்தில் 2008 அக்டோபரில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் கோலின் பவல் பேசியதைத் தேடிப் பாருங்கள். ஒபாமா முஸ்லிம் என்று வதந்தி பரவிய நேரம். எல்லோரும் "இல்லை, அவர் கிறிஸ்தவர்" என்று மறுத்துக்கொண்டிருந்தார்கள். பவல் தொலைக்காட்சியில், அவர் கிறிஸ்தவர் என்பது சரியான பதில், ஆனால் முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன, இந்த நாட்டில் முஸ்லிமாக இருப்பது தவறா என்று கேட்டார். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் தன் மகனின் நினைவுக்கல்லில் தலை சாய்த்திருந்த ஒரு தாயின் புகைப்படத்தைப் பற்றிச் சொன்னார். ஈராக்கில் இறந்த 20 வயது அமெரிக்க வீரன். கல்லில் சிலுவை இல்லை, பிறையும் நட்சத்திரமும் இருந்தன. லிங்கனுக்குச் சொல்ல வராததைப் பவல் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது.

மாமாவிடம் அடுத்த முறை பேசும்போது ஒன்று கேளுங்கள். அவருக்குப் பிடித்த கட்சியில், அவருக்குப் பிடித்த கொள்கைகளோடு, நல்ல அனுபவமுள்ள ஒரு முஸ்லிம் நாளை அதிபர் பதவிக்கு நின்றால் அவர் ஓட்டுப் போடுவாரா? விவேக்கை நினைத்து வருந்திய உங்களிடமும்தான் கேட்கிறேன். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்