ஸ்வான்சி கடலில் கை விறைக்கிறது, என்ன வாங்கலாம்?

கேள்வி: கோவளத்தில் இரண்டு வருடம் சர்ஃபிங் பழகியவன் நான். செப்டம்பரில் மேல்படிப்புக்காக வேல்ஸில் உள்ள ஸ்வான்சிக்கு வந்தேன். வகுப்பு நண்பர்களோடு லாங்லாந்து பே கடற்கரைக்குப் போகிறேன். தெரிந்தவரிடம் ஒரு பழைய 3/2 வெட்சூட் (குளிர்ந்த நீரில் போடும் ரப்பர் உடுப்பு) வாங்கிக்கொண்டேன். நவம்பர் வந்ததிலிருந்து இருபது நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. விரல் மரத்துவிடுகிறது, பல் கிட்டிக்கொள்கிறது. கூட வரும் இந்த ஊர்ப் பையன்கள் ஒன்றரை மணி நேரம் சாதாரணமாக இருக்கிறார்கள். நம் உடம்புக்கு இது ஒத்துவராதா? குறைந்த செலவில் எதை முதலில் வாங்கலாம்?

பதில்: உடம்பு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். எந்த ஊரில் பிறந்தோம் என்பதைவிட உடம்பு வாகுதான் முக்கியம். ஒல்லியான உடம்பு சீக்கிரம் சூட்டை இழக்கும், வேல்ஸ்காரராக இருந்தாலும் சரி. குளிர்ந்த நீரில் இறங்கியதும் மூச்சு தூக்கிப்போடுகிறதே, அது ஐந்தாறு முறை இறங்கிப் பழகினாலே வெகுவாகக் குறைந்துவிடும். கைவிரல் மட்டும் அவ்வளவு எளிதில் பழகாது. உங்கள் நண்பர்களுக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ரத்தத்தில் இல்லை, அவர்கள் போட்டிருக்கும் ரப்பரில் இருக்கிறது. அடுத்த முறை அவர்களுடைய சூட்டின் மார்புப் பக்கமோ கைப்பக்கமோ அச்சடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 5/4 அல்லது 4/3 என்று இருக்கும். உங்களுடைய 3/2 என்றால் உடல் பகுதியில் 3 மில்லிமீட்டர், கை காலில் 2. அது இங்கே கோடைக்கால உடுப்பு. நவம்பரில் அதைப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் இருந்ததே பெரிய விஷயம்.

கோவளத்தில் தண்ணீர் 25 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். ஸ்வான்சியில் இப்போது 12, 13 இருக்கும், இன்னும் இறங்கும். கடல் மெதுவாகத்தான் ஆறும். ஆகவே அதன் அடிமட்டக் குளிர் டிசம்பரில் வராது, பிப்ரவரி கடைசி, மார்ச்சில்தான் வரும். அப்போது 8, 9 டிகிரி. வெயில் கொஞ்சம் தலைகாட்டி, கரையில் நிற்பவர்கள் கோட்டைக் கழற்றும் நாளில் கடல் உச்சக் குளிரில் இருக்கும். முதல் வருடம் எல்லோரும் ஏமாறுவது இதில்தான். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் 12 டிகிரி காற்றும் 12 டிகிரி தண்ணீரும் ஒன்றல்ல.

இப்போது வெட்சூட். உள்ளே புகுந்த தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி நம்மைக் காக்கிறது என்று பலர் சொல்லுவார்கள். பாதிதான் சரி. கிழிந்துபோன பழைய சூட் ஒன்றைக் கத்தரித்து வெட்டுமுகத்தைப் பாருங்கள். ரொட்டித் துண்டைப் போல நுண்ணிய குமிழிகள் நிறைந்திருக்கும். அந்தக் குமிழிகளில் அடைபட்ட வாயுதான் உடம்பின் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. 1950களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் பிடித்த விஷயம் இதுதான்: ஆள் நனையாமல் இருக்க வேண்டியதில்லை, துணியே வெப்பத்தைத் தடுத்தால் போதும். உள்ளே வந்த தண்ணீர் அசையாமல் இருந்தால் தீங்கில்லை. அது வெளியே போய், புதுத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருந்தால், ஒவ்வொரு முறையும் அதைச் சூடாக்கும் செலவு உங்கள் உடம்பின் கணக்கில்தான் ஏறும்.

அதனால் தடிமனைவிட அளவு முக்கியம். தொளதொள 5/4-ஐவிட உடம்போடு ஒட்டிய 4/3 மேல். போட்டுக்கொண்டு நின்று, இடுப்புக்குப் பின்னால், முதுகு உள்வாங்கும் இடத்தில் துணியைப் பிடித்துப் பாருங்கள். கைப்பிடி அளவு வந்தால் அது உங்கள் சூட் இல்லை. அக்குளிலும் கழுத்திலும் இடைவெளி இருக்கக் கூடாது. அலையில் விழுந்து எழும்போது முதுகுத்தண்டு வழியே ஐஸ் தண்ணீர் ஓடுகிறதா? ஓடினால் கழுத்திலோ ஜிப்பிலோ ஓட்டை. முதுகு ஜிப்பைவிட மார்பு ஜிப் பொதுவாகக் குறைவாகத்தான் கசியும். போடுவதும் கழற்றுவதும்தான் ஒரு குஸ்தி.

தையலையும் பாருங்கள். உள்ளேயும் வெளியேயும் தண்டவாளம் மாதிரி அகலமாக நூல் தெரிந்தால், ஒவ்வொரு ஊசித்துளையிலும் தண்ணீர் வரும். அது கோடைக்குச் சரி. குளிர்காலத்துக்கு, பசையால் ஒட்டி, ஊசி முழுவதும் துளைக்காமல் தைத்தது வேண்டும். கடைக்காரர் இதை ஜிபிஎஸ் (GBS) என்பார், வழி காட்டும் ஜிபிஎஸ் (GPS) அல்ல. உள்பக்கம் நாடா ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது.

பழையது வாங்குவதில் தப்பில்லை. ஆனால் நியோப்ரீன் என்ற இந்த ரப்பருக்கும் வயதாகும், குமிழிகள் நசுங்கிவிடும். தோள்பட்டையில் கட்டைவிரலால் அழுத்துங்கள். குழி உடனே எழாவிட்டால் அந்த 5 மில்லிமீட்டர் காகிதத்தில்தான் 5. புதிது வாங்குவதென்றால், குளிர்கால சூட்களைக் கடைகள் வசந்தத்தில் தள்ளுபடியில் விற்கும். ஆனால் அதுவரை நீங்கள் காத்திருக்க முடியாது. சர்ஃப் பள்ளிகள் பருவம் முடிந்ததும் வாடகை சூட்களை விற்பதுண்டு, விசாரியுங்கள்.

காசு குறைவு என்றால் எந்த வரிசையில் வாங்குவது? என் வரிசை இது: சூட், பூட்ஸ், தலைமூடி (ஹுட்), கடைசியில் கையுறை. கைதானே விறைக்கிறது, கையுறையைக் கடைசியில் வைக்கிறாரே என்று தோன்றும். நடு உடம்பு குளிர்ந்தால், உடம்பு முதலில் செய்யும் காரியம் கை காலுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்குவது. மார்பும் வயிறும் குளிர்ந்து கிடக்கும்போது எவ்வளவு தடித்த கையுறை போட்டாலும் உள்ளே சூடாக்க ரத்தம் வராது. நல்ல சூட் போட்டாலே விரல் பாதி பிழைத்துவிடும். அப்புறம் 3 மில்லிமீட்டர் ஐந்துவிரல் கையுறை போதும். பூட்ஸ் 5 மில்லிமீட்டர். பூட்ஸின் மேல்விளிம்பு சூட்டின் காலுக்கு உள்ளே போக வேண்டும். வெளியே விட்டால் அது வாளி மாதிரி தண்ணீர் பிடிக்கும்.

தலை வழியே பாதிச் சூடு போய்விடும் என்பது கட்டுக்கதை. மற்ற இடங்களைவிட மிக அதிகமாக ஒன்றும் போவதில்லை. ஆனாலும் ஜனவரியில் தலைமூடி இல்லாமல் ஓர் அலைக்கு அடியில் முங்கிப் பாருங்கள், நெற்றியில் ஆணி அடித்த மாதிரி இருக்கும். அது காதையும் மூடும் என்பது இன்னொரு லாபம். குளிர்ந்த நீரும் காற்றும் வருடக்கணக்கில் பட்டால் காதுத் துளைக்குள் எலும்பு வளர்ந்து வழியை அடைக்கும். அதற்கு 'சர்ஃபர் காது' என்றே பெயர். காதடைப்பானுக்கு ஆகும் செலவு சொற்பம், அறுவை சிகிச்சை அப்படியல்ல.

போர்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நனைந்த 5/4 கனமாக இருக்கும், தோளும் இறுகும். கோவளத்தில் ஓட்டியதைவிடக் கொஞ்சம் மிதப்பு அதிகமான போர்டை எடுத்தால் கையால் துடுப்புப் போடும் சிரமம் குறையும். போர்டில் உட்கார்ந்து அலைக்குக் காத்திருக்கும் நேரம்தான் எதிரி. கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று அலையை அழகாக நிமிர்த்தும், நனைந்த சூட்டிலிருந்து வெப்பத்தையும் உறிஞ்சும். அப்படிப்பட்ட நாளில் சும்மா உட்காராதீர்கள், இங்கும் அங்கும் துடுப்புப் போட்டுக்கொண்டே இருங்கள்.

தண்ணீரில் இறங்கும் முன்னே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். சூட் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். முந்தின நாள் ஈரத்தோடு போடுவது தண்டனை. உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காய வையுங்கள். ஹாஸ்டல் ரேடியேட்டர் மேல் போடத் தோன்றும், போடாதீர்கள், ரப்பர் கெடும். முடிந்தால் அறையிலேயே சூட்டை மாட்டிக்கொண்டு, மேலே கோட்டோடு போங்கள். கடற்கரைக் காற்றில் அரை நிர்வாணமாக நிற்கும் பத்து நிமிடம் மிச்சம். ஒரு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துப்போய், இறங்கும் முன் பூட்ஸிலும் கையுறையிலும் கொஞ்சம் ஊற்றுங்கள். சிரிப்பார்கள், ஊற்றுங்கள். மணலில் ஐந்து நிமிடம் ஓடுங்கள், வேர்க்கும் அளவுக்கு வேண்டாம்.

இறங்கும்போது அவசரம் வேண்டாம். முதல் ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு தன்னிச்சையாக இழுக்கும். அந்த நேரத்தில் அலை முகத்தில் அடித்தால் தண்ணீரைத்தான் உறிஞ்சுவோம். இடுப்பளவில் நின்று, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, மூச்சு சீரானதும் போங்கள். குளிர்காலத்தில் பெரும்பாலான கடற்கரைகளில் உயிர்காப்பாளர் இருக்கமாட்டார். தனியாகப் போகாதீர்கள். அவசரம் என்றால் 999, கோஸ்ட்கார்டை (கடலோர மீட்புப் படையை) கேளுங்கள்.

எப்போது வெளியே வருவது? கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த நிமிடமே கரைக்கு. 'இன்னும் ஒரே ஒரு அலை' கிடையாது. என் இரண்டாவது குளிர்காலத்தில் அந்த ஒரு அலைக்காக இருந்துவிட்டு வந்தேன். போர்டைக் காலோடு இணைக்கும் கயிறான லீஷைக் கழற்ற விரல் வரவில்லை, பல்லால் இழுத்தேன். கார் சாவியைத் துளையில் நுழைத்தேன், திருப்ப முடியவில்லை. நாயோடு நடந்துபோன ஒரு பாட்டியை அழைத்துத் திறந்து தரச் சொன்னேன். அவர் திறந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

கரைக்கு வந்தபின்னும் உடம்பின் உள்சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். பத்து நிமிடம் கழித்துத்தான் நடுக்கம் உச்சத்துக்கு வரும், பயப்பட வேண்டாம். மேலுடம்பை முதலில் துடைத்துக் கம்பளி, தொப்பி போடுங்கள், பிறகு கால். வெறும் தரையில் நிற்காமல் ஒரு பாய் அல்லது பிளாஸ்டிக் தொட்டிக்குள் நில்லுங்கள். ஃபிளாஸ்கில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ. பிராந்தி வேண்டாம், அது ரத்தக்குழாயை விரித்து இருக்கும் சூட்டையும் வெளியேற்றும். நடுக்கம் அடங்கும்வரை வண்டி ஓட்டக் கூடாது, கொதிக்கும் ஷவரும் கூடாது, தலைசுற்றி விழுந்துவிடலாம். யாராவது இன்னும் சில்லிட்டிருக்கும்போதே நடுக்கம் நின்று, பேச்சு குழறினால், அது தேறியதன் அடையாளம் இல்லை. உடனே 999.

விரல்கள் மெழுகுவர்த்தி போல வெள்ளையாகி, கரைக்கு வந்து வெகுநேரம் ஆகியும் நிறம் திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அது ரேனாட்ஸ் என்ற ரத்தக்குழாய்ப் பிரச்சினையாக இருக்கலாம்.

அந்த 3/2-வை விற்றுவிடாதீர்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை லாங்லாந்துக்கு அதுவே போதும்.