கேள்வி–பதில்: அணை கட்டுகிறவர்கள் எங்கே தங்குவார்கள்?

கேள்வி: என் தாத்தா மேட்டூர் அணை வேலைக்குப் போனவர். ஒரு கூரைக் கொட்டகைக்குள் பத்துப் பேர் படுத்ததாகச் சொல்வார். ஒகேனக்கல் நீர்மின் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சிலேயே இருக்கிறது. அப்படியொரு பெரிய வேலை வந்தால், ஆட்களை எங்கே தங்கவைப்பார்கள்?
– வாசகர் ஒருவர், பென்னாகரம்

பதில்: 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணைக்கு உங்கள் தாத்தா போனபோது தருமபுரியும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது, இன்றைய மேட்டூர் நகரமே அந்த வேலையைச் சுற்றி வளர்ந்ததுதான்.

ஆனால் நீர்மின் திட்டம் என்றால் அணை மட்டும் அன்று. அணை ஓரிடம், மலையைக் குடைந்து தண்ணீரைக் கொண்டுசெல்லும் சுரங்கம் ஓரிடம், டர்பைன் சுழலும் மின்நிலையம் பள்ளத்தில் வேறோரிடம் என்று வேலை பல மைல் தூரத்துக்குச் சிதறிக் கிடப்பதால், ஒரே குடியிருப்பைக் கட்டிவிட்டு எல்லாரையும் அங்கிருந்து லாரியில் ஏற்றி இறக்குவது சரிப்படாது. முதலில் சாலை, அடுத்துக் குடிநீரும் தங்குமிடமும், அதற்குப் பிறகே கான்கிரீட் என்பதுதான் முறை.

இதற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்னோயி மலைத் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. 1949 முதல் 1974 வரை நடந்த அந்தப் பணியில், முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த சுமார் 1,00,000 பேர் உழைத்தார்கள். தொடக்கத்தில் கூடாரங்களில் தங்கியவர்களுக்குப் பிறகு மரக் குடில்கள் கிடைத்தன. வேலை நகர்ந்தபோது முகாமும் நகர்ந்தது. காப்ரமுர்ரா போன்ற சிற்றூர்களில் குடும்பங்களுக்கு வீடுகள் எழுந்தன. அவ்வளவு செய்தும் 121 பேர் அந்தப் பணியில் உயிரிழந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

தங்குமிடம் என்பதைப் பலர் சலுகையாக நினைக்கிறார்கள்; அது தவறு. சுரங்க வேலை இரவு பகலாக ஷிஃப்ட் முறையில் நடக்கும். இரவெல்லாம் பாறையைத் துளையிட்டுவிட்டுக் காலையில் திரும்புகிறவர், சித்திரை வெயிலில் கொதிக்கும் தகரக் கூரையின் கீழே, பக்கத்தில் அடுத்த ஷிஃப்டுக்காரர் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கும் புகையில் எப்படித் தூங்குவார்? தூக்கம் கெட்டவர் அன்றிரவே மறுபடியும் வெடிவைக்கும் இடத்துக்குப் போகிறார். ஆகவே ஷிஃப்டுக்கு ஒரு வரிசையாக அறைகளைப் பிரிப்பதும், சமையலறையைத் தள்ளி வைப்பதும் உயிரைக் காக்கிற ஏற்பாடுகள். கல் வெட்டிய பள்ளங்களில் நிற்கும் தண்ணீரை அகற்றாவிட்டால் கொசு பெருகும். கழிப்பறைகள் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேட்டில் அமைந்தால் வயிற்றுப்போக்கு முகாம் முழுவதும் பரவும்.

கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, வேலை நடக்கும் வரை கட்டணமில்லாத தற்காலிகத் தங்குமிடத்தையும், தனியாகச் சமைக்கவும் குளிக்கவும் துவைக்கவும் இடமும் கழிப்பறையும் தர வேண்டும் என்று வேலையளிப்பவருக்கு விதித்தது. ஒகேனக்கல்லில் என்றாவது வேலை தொடங்குமானால், உங்கள் ஊர்க்காரர்கள் ஒப்பந்தக்காரரிடம் கூலி பேசும் முன், அறைகள் எங்கே, தண்ணீர் எங்கிருந்து வரும் என்று நேரில் போய்ப் பார்த்துவிடட்டும்.