ஐரோப்பியர் வருமுன் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் சொல்லும்படியான அரசு ஏதாவது இருந்ததா?

இருந்தது, ஒன்றுக்கு மேலேயே. எனக்குப் பிடித்தது கில்வா. பழைய காசுப் பித்துதான் காரணம்.

கில்வாவின் செப்புக் காசு சின்னது, ஆண்டு பொறிக்காதது. ஒரு பக்கம் சுல்தானின் பெயர். திருப்பினால், அவர் இறைவனை நம்புகிறார் என்று அரபியில் ஒரு தொடர். இரண்டு பக்கமும் ஒரே ஓசையில் முடியும், நம் இயைபுத் தொடை மாதிரி. கடைத்தெருச் சில்லறையில் போய் செய்யுள் பாடியிருக்கிறார்கள்!

இன்றைய தான்சானியாவின் தென்கரையை ஒட்டிய குட்டித் தீவு கில்வா. அதற்கு வாழ்வு கொடுத்தது காற்று. வடகிழக்குப் பருவக்காற்றில் அரபு, குஜராத் பக்கத்துக் கப்பல்கள் துணியும் மணியும் ஏற்றிக்கொண்டு தெற்கே இறங்கும். காற்று திசை மாறியதும் ஊர் திரும்பும். ஒரே பருவத்தில் போய்வர எட்டும் தூரம் ஏறக்குறைய கில்வாவோடு சரி. தங்கமோ இன்னும் தெற்கே, சோஃபாலாவில். ஜிம்பாப்வே மேட்டுநிலத்திலிருந்து அங்கே வந்து சேரும். அந்தத் துறைமுகத்தைக் கில்வா சுல்தான்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அப்புறம் பணத்துக்கு என்ன குறை? பவளக்கல்லை அறுத்துப் பெரிய பள்ளிவாசல், எண்கோணக் குளத்தோடு ஓர் அரண்மனை என்று கட்டித் தள்ளினார்கள்.

1331இல் அங்கே போன மொராக்கோப் பயணி இப்னு பதூதா, சுல்தான் ஹஸனின் கொடையைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு ஏமன் நாட்டுப் பக்கீர் கேட்டார் என்று, உடுத்தியிருந்த உடையையே கழற்றிக் கொடுத்தாராம். படித்ததும் பாரி ஞாபகம் வரும். சற்றுப் பொறுங்கள்: பிறகு அந்த உடையைத் திரும்ப வாங்கிக்கொள்ள சுல்தானின் மகன் பக்கீருக்குக் கொடுத்தது பத்து அடிமைகள். ஊர் மெச்சியதைக் கேள்விப்பட்ட சுல்தான் மேலும் பத்து அடிமைகளும் யானைத் தந்தமும் கொடுத்தார். கில்வாவைப் பொற்காலமாக மட்டும் பேசுகிறவர்கள் இந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1502இல் வாஸ்கோ ட காமா பீரங்கியைக் காட்டிக் கப்பம் வாங்கினார். 1505இல், இந்தியாவின் முதல் போர்ச்சுகீசிய வைஸ்ராயாகப் பதவியேற்க வந்த அல்மெய்தா போகிற வழியில் ஊரைச் சூறையாடினார். கப்பமாகப் போன பொன்னை போர்ச்சுகல் மன்னர் மானுவேல் ஒரு கதிர்ப்பாத்திரமாக, அதாவது தேவாலயத்தில் நற்கருணை அப்பத்தை வைத்துக் காட்டும் பாத்திரமாக, செய்யச் சொன்னார். 1506இல் வேலை முடிந்தது. இன்று அது லிஸ்பன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கிருந்து வந்த பொன் என்று அதன் அடியிலேயே பொறித்தும் வைத்திருக்கிறார்கள்: கில்வாவின் கப்பம்.