நத்தார் பலகாரப் பரிமாற்றம்: கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சியில் என் வீட்டில் ஒவ்வொரு மார்கழியும் தோழிகள் கூடிப் பலகாரம் மாற்றிக்கொள்கிறோம். ஆளுக்கு ஒரு வகை செய்துவந்து, எல்லா வகையிலும் பங்கு எடுத்துக்கொண்டு வீடு திரும்புவதுதான் முறை. இந்த ஆண்டு தாங்களும் நடத்த விரும்பும் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, வெளிநாட்டில் இருக்கும் என் மச்சாள் குக்கி மாற்றும் விருந்தின் படங்களை அனுப்பினாள். அது நமக்குப் பொருந்துமா? (மல்லாவி)

நன்றாகப் பொருந்தும், தங்கச்சி. குக்கி என்ற சொல்லே ஒல்லாந்து மொழியிலிருந்து வந்தது. அச்சை மாவில் தோய்த்துப் பொரிக்கும் நம் கொக்கிஸின் பெயரும் அதே சொல்லிலிருந்து பிறந்ததாகவே சொல்கிறார்கள். பழக்கமும் நமக்குப் புதிதல்ல. 2010இல் மீள்குடியேறியபோது எங்கள் ஒழுங்கையில் ஒரே ஒரு கொக்கிஸ் அச்சுத்தான் மிஞ்சியிருந்தது. அச்சு கிடைத்தவள் கொக்கிஸ் சுடுவாள், மற்றவள் பயற்றம் பணியாரம் செய்வாள், இன்னொருத்தி அரியதரம். தட்டுகள் வேலிக்கு மேலால் மாறும். யாரும் மூன்று இரவு அடுப்படியில் நிற்கவில்லை. ஆனாலும் எல்லாப் பிள்ளைகளும் ஐந்து வகை தின்றார்கள். இன்றும் நான் இதை நடத்துவது அதற்காகத்தான்.

எத்தனை பேரைக் கூப்பிடலாம்? ஆளுக்கு எவ்வளவு செய்ய வேண்டும்? (பரந்தன்)

ஆறு பேர் போதும். வகைக்கு ஆறு துண்டு என்றால் ஒவ்வொருவரும் 36 செய்ய வேண்டும். மேசையில் ருசி பார்க்க ஆளுக்கு ஒன்றாக இன்னும் ஆறு, ஆக 42. பத்துப் பேர் என்றால் அதே கணக்கில் 70 ஆகிவிடும், அடுத்த ஆண்டு பாதிப்பேர் வரமாட்டார்கள். யார் எதைக் கொண்டுவருவது என்று இரண்டு கிழமைக்கு முன்பே பேசி வையுங்கள். ஓர் ஆண்டு நான் கேட்காமல் விட்டதில் நான்கு பேர் முறுக்குடன் வந்தார்கள்.

எங்களில் பாதிப்பேர் சைவம். மார்கழியில் பிள்ளையார் கதை, திருவெம்பாவை என்று விரதங்கள் வேறு. முட்டை சேர்ந்ததை எப்படி வைப்பது? (நெடுங்கேணி)

தனித் தட்டு, தனி இடுக்கி. ஒவ்வொரு தட்டின் முன்னும் சிறு துண்டில் எழுதி வையுங்கள்: முட்டை உண்டா, கச்சான் உண்டா, நத்தார் கேக்கில் பிராந்தி ஊற்றியிருக்கிறதா. கொக்கிஸ் மாவிலும் பலர் முட்டை சேர்ப்பார்கள், மறவாமல் கேளுங்கள். கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அது உயிர் ஆபத்து. விரதகாரரை அங்கேயே சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், அவர்களின் பங்கைப் பேணியில் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

முட்டையே வேண்டாத பிஸ்கட்டும் இருக்கிறது. 100 கிராம் சீனி, 200 கிராம் பட்டர், 300 கிராம் கோதுமை மா, அவ்வளவுதான். சீனியைப் பொடித்துப் பட்டருடன் குழைத்து மாவைச் சேருங்கள். சிறிதாக உருட்டினால் ஏறக்குறைய 40 வரும்.

என்னிடம் ஓவன் இல்லை. (விசுவமடு)

அடி கனத்த பெரிய சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு உலர்ந்த மணல் போட்டு, மூடி, கால் மணி நேரம் சூடாக்குங்கள். மணலின் மேல் ஒரு தாங்கி, அதன் மேல் தட்டு. நெருப்பைத் தணித்து, மூடியின் மேல் சிரட்டைக் கரி பரப்பினால் மேற்புறமும் வேகும். இருபது நிமிடத்தில் ஓரம் சிவக்கும். எடுத்தவுடன் மெதுவாகத்தான் இருக்கும், ஆறியபின் இறுகும். மெதுவாக இருக்கிறதே என்று திரும்ப வைத்துக் கருக்கிவிடாதீர்கள்.

அடைமழையில் முறுக்கும் கொக்கிஸும் நமத்துப்போகின்றன, அக்கா. (முள்ளியவளை)

மாரி காலத்து நத்தாரில் பெரிய பாடு இதுதான். முதல் ஆண்டு நான் சூட்டோடு பேணியை மூடி வைத்தேன். ஆவி மூடியில் வியர்த்துச் சொட்டி, 40 கொக்கிஸும் வீணாகின. கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள், ஆறியதும் உடனே மூடுங்கள். மழைக்காற்றில் திறந்து கிடந்தால் ஒரு மணி நேரத்தில் மொறுமொறுப்புப் போய்விடும். கேக்கையும் முறுக்கையும் ஒரே பேணியில் வைக்கவே கூடாது. கேக்கின் ஈரம் முறுக்குக்குப் போகும், கேக் காயும், முறுக்கு நமத்துப்போகும். பயற்றம் பணியாரத்துக்குத் தேங்காய்ப்பூவை ஈரம் முழுவதும் போகும்வரை சிவக்க வறுங்கள், இல்லாவிட்டால் அது பழுதாகிவிடும். நமத்த பிஸ்கட்டை மணற்சட்டியில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் திரும்பவும் மொறுமொறுக்கும்.

வாடகை அறை, ஒற்றை அடுப்பு. கடையில் பிஸ்கட் வாங்கி வரலாமா, அக்கா? (வவுனியா)

வேண்டாம், தம்பி. மற்றவர்கள் கைப்பட செய்து வரும்போது அது உங்களுக்கே மனக்குறையாக இருக்கும். எள்ளை வெடிக்கும்வரை வறுத்து, சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து இடியுங்கள். எண்ணெய் கசிந்து மினுங்கும்போது உருட்டினால் எள்ளுருண்டை. ஒற்றை அடுப்பே அதற்கு அதிகம். பஸ்ஸில் கொண்டுவந்தாலும் உடையாது.

வந்தவர்களுக்குச் சாப்பிட என்ன வைப்பது? (அடம்பன்)

உறைப்பாக ஏதாவது. அவித்துத் தாளித்த கடலையும் இஞ்சித் தேநீரும் போதும், இனிப்புக்கு நடுவில் நாக்கு அதைத்தான் தேடும். மூன்று மணிக்குத் தொடங்குங்கள். தூரத்திலிருந்து வருகிறவர்களிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டு, அவர்களின் பேணிகளை முதலில் நிரப்பிக் கட்டிவிடுங்கள்.